சார்லஸ் கொரியாவின் கட்டடங்களை எப்படிப் பார்ப்பது

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஒரு கட்டடத்துக்குப் போனால் வாசலில் நின்று முகப்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். முகப்பில் பெரிதாக ஒன்றும் இருக்காது. போபாலில் 1982-ல் திறந்த பாரத் பவன் என்ற கலை மையத்தை எடுத்துக்கொண்டால், அது ஏரிக்கரைச் சரிவுக்குள் இறங்கி இருப்பதால் சாலையிலிருந்து கட்டடமே கண்ணில் படாது. அவர் மூளையைச் செலவழித்த இடம் கூரை போடாத இடம்தான், முதலில் அதைத் தேடுங்கள்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1930-ல் செகந்திராபாத்தில் பிறந்தார், மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் படித்தார், 1958-ல் மும்பையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார், 2015-ல் காலமானார். படித்துவந்தது கான்கிரீட்டும் கண்ணாடியுமான நவீன பாணி. இங்கே வந்து வெயிலையும் மழையையும் மக்களின் கையிருப்பையும் பார்த்தபின் அதை அப்படியே நகல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் இவ்வளவு மதிப்பு.

முதலில் அகமதாபாத், சபர்மதி ஆசிரமத்துக்குள் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம். 1963-ல் திறந்தது. உச்சி வெயில் நேரத்தில் போங்கள், அப்போதுதான் புரியும். 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரங்கள், செங்கல் தூண்கள், மேலே ஓட்டுக்கூரை. சன்னலில் கண்ணாடி கிடையாது, திறந்து மூடும் மரப்பலகைகள் மட்டும்தான். சில சதுரத்துக்குச் சுவர் உண்டு, சிலது நாலு பக்கமும் திறந்திருக்கும், ஒன்றில் தண்ணீர். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, நடக்க நடக்க ஒவ்வொரு சதுரமும் நிழலா, வெளிச்சமா, காற்று வருகிறதா என்று குறித்துக்கொண்டே போங்கள். காட்சிப் பொருட்களை இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மும்பை. கம்பாலா ஹில்லில் இருக்கும் காஞ்சன்ஜங்கா அடுக்ககத்தைத் தெருவில் நின்றுதான் பார்க்க முடியும், உள்ளே குடும்பங்கள் இருக்கிறார்கள். அதுவே போதும். மும்பையில் கடல்காற்று வரும் மேற்குப் பக்கத்திலிருந்துதான் மாலை வெயிலும் மழைச்சாரலும் அடிக்கின்றன. பழைய பங்களாக்களில் சுற்றிலும் தாழ்வாரம் வைத்து இதைச் சமாளித்தார்கள். கொரியா அந்தத் தாழ்வாரத்தை இரண்டு மாடி உயரத் தோட்டமாடமாக்கி, 28 மாடிக் கோபுரத்தின் மூலைகளில் குடைந்து வைத்தார். அந்த மூலைகளை மட்டும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் பேலாப்பூருக்குத்தான் அனுப்புவேன். நவி மும்பையில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' என்று கேட்டால் வழி சொல்வார்கள். எண்பதுகளின் நடுவில் கட்டிய குடியிருப்பு. போவதற்கு முன் வீட்டிலேயே இதை வரைந்து பாருங்கள்: 8 மீட்டர் சதுரத்தில் ஒரு முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடுகள். இப்படி மூன்று கொத்துகளைச் சேர்த்தால் நடுவில் 12 மீட்டர் சதுரத்தில் பெரிய முற்றம், மொத்தம் 21 வீடுகள். அந்த மாதிரி மூன்றைச் சேர்த்தால் இன்னும் பெரிய பொதுவெளி. ஊர் இப்படியே வளர்ந்துகொண்டு போகும், எந்த இடத்திலும் மாடிமேல் மாடி அடுக்க வேண்டிய தேவையில்லை. இப்போது வீடுகளின் சுவரைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது, ஒவ்வொரு வீடும் தன் மனையில் தனியாக நிற்கிறது. காசு சேரும்போது ஓர் அறை கூட்டிக்கொள்ள யாரிடமும் போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம் என்பதற்காக. மனைகளும் 45 சதுர மீட்டரிலிருந்து 75-க்குள்தான், வசதியானவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை.

அங்கே போனால் ஓட்டுவீடுகள் பல இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள், திட்டம் தோற்றுவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மாற்றிக்கட்டத்தானே அப்படி வடிவமைத்தார்! முற்றம் இன்னும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா, இல்லை வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டதா என்று பாருங்கள். படம் எடுக்கும்முன் கேளுங்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோடு பேச்சுக் கொடுங்கள்.

நகரத் திட்டக்காரர் கொரியாவைப் புரிந்துகொள்ள ஒரு வரைபடம் வேண்டும். மும்பை தெற்கு வடக்காக நீண்ட நிலத்துண்டு, வேலை தெற்கு முனையில், வீடுகள் வடக்கே. 1964-ல் கொரியாவும் கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தாவும் பொறியாளர் சிரீஷ் பட்டேலும் சேர்ந்து, நகரத்தை வளைகுடாவுக்கு அக்கரையில் வளர்க்கலாம் என்று யோசனை சொன்னார்கள். அதுதான் நவி மும்பை. அதைக் கட்ட 1970-ல் அரசு சிட்கோ என்ற நிறுவனத்தை அமைத்தது, கொரியா அதன் தலைமைக் கட்டடக் கலைஞரானார். ஆனால் தலைமைச் செயலகம் அக்கரைக்குப் போகவில்லை, தெற்கு முனையிலேயே நாரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து அலுவலகங்கள் எழுந்துகொண்டே இருந்தன, நவி மும்பையின் வாஷிக்கு ரயில் போய்ச் சேரவே 1992 ஆகிவிட்டது. நல்ல யோசனையை அரசு பாதியில் கைவிட்டது என்பதுதான் என் கருத்து.

பேலாப்பூருக்குக் காரில் போகாமல் தெற்கு மும்பையின் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் போகச் சொல்வது இதனால்தான். வார நாளில், காலை அலுவலக நேரத்தில் ஏறுங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஆள் போக வேண்டும் என்பதுதான் திட்டம். உங்கள் பெட்டியில் எவ்வளவு பேர், எதிரே வரும் வண்டியில் எவ்வளவு பேர் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போங்கள்.