நாட்டு மாடு வாங்கிவிட்டீர்கள், கன்றும் அதே இனமாகப் பிறக்க என்ன செய்ய வேண்டும்?

தாம்பரத்தில் வீடு, உத்திரமேரூர் பக்கம் கொஞ்சம் நிலம். 2018-இல் அங்கே ஓர் உம்பளச்சேரிப் பசுவைக் கட்டினேன். கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போர் இதெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு யாரும் சொல்லாமல் விட்டதை மட்டும் எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலில்: மாநகராட்சி எல்லைக்குள் இடமில்லாமல் மாடு வாங்காதீர்கள். தெருவில் திரிந்தால் பிடித்துக்கொண்டு போய் அபராதம் போடுவார்கள், மாடும் பாவம்.

1. இனத்தை முடிவு செய்யுங்கள்

'நாட்டு மாடு' என்று ஓர் இனம் கிடையாது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிகுளம், ஆலம்பாடி ஆகியவை தமிழ்நாட்டு இனங்கள். உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்தவை என்பதால் நாளுக்கு 2 லிட்டர், நன்றாகக் கறந்தால் 3. பால் விற்க வேண்டும் என்றால் குஜராத்தின் கிர் பக்கம் போகலாம். நான் உம்பளச்சேரியை எடுத்தது அது டெல்டாவின் சேற்று வயலில் உழைத்துப் பழகிய மாடு என்பதால். நெல் விளையும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்கு அதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

2. கன்றோடு சேர்த்து வாங்குங்கள்

போட்டோ பார்த்து வாங்க வேண்டாம். உம்பளச்சேரி என்றால் நாகை, திருவாரூர் பக்கம் நேரில் போய், கன்று ஊட்டுகிற பசுவாகப் பாருங்கள். கன்றைப் பார்த்தால் அப்பன் எந்த இனம் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

(பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வாங்கப் போன ஒருவர், கன்று செவலையாக இருக்கிறதே, கலப்போ என்று கேட்டிருந்தார். கலப்பு இல்லை. உம்பளச்சேரிக் கன்று செவலையாகத்தான் பிறக்கும். நெற்றியிலும் கால்களிலும் வால் நுனியிலும் வெள்ளை இருக்கும். வளர வளர உடம்பு சாம்பல் நிறமாகும். காங்கேயக் கன்றும் இப்படி நிறம் மாறும். கொம்பில்லாத மாட்டைப் பார்த்தும் பயப்படாதீர்கள். அங்கே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் உண்டு, மொட்டை மாடு என்றே பெயர்.)

3. சினை ஊசி

காளையைச் சேர்க்காமல், அதன் விந்தைச் செலுத்திப் பசுவைச் சினையாக்குவதுதான் சினை ஊசி. நான் சறுக்கிய இடம் இது. ஒருநாள் காலையில் பசு கத்தியது, பருவத்துக்கு வந்ததன் அறிகுறி. ஊசி போடுபவரைக் கூப்பிட்டேன். வந்தார், கேனிலிருந்து விந்து அடைத்த ஒரு குச்சியை எடுத்தார், போட்டார், போய்விட்டார். என்ன இனம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்துப் பிறந்தது திமில் எழும்பாத, மான் நிறக் கிடாரி. பாதி ஜெர்சி. அவளை அன்போடுதான் வளர்க்கிறேன், ஆனால் அந்த ஈற்றில் உம்பளச்சேரி வழி அறுந்துபோனது. அவளுக்கு உம்பளச்சேரி ஊசியே போட்டு வந்தாலும் அடுத்த கன்று முக்கால் பங்கு, அதற்கடுத்தது எட்டில் ஏழு பங்குதான். நாட்டுக் கிடாரி முதல் கன்று போடவே மூன்றரை, நான்கு வயதாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே மாடு பருவத்துக்கு வரும் முன்பே கால்நடை மருந்தகத்துக்குப் போய், உங்கள் இனத்தின் உறைவிந்துக் குச்சி வேண்டும் என்று சொல்லி வையுங்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள் அது, வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க முடியாது. ஊசி போடும் அன்று குச்சியை வாங்கிப் பாருங்கள். பேனா ரீஃபில் போல மெல்லியதாக இருக்கும், மேலே இனமும் காளை எண்ணும் அச்சாகியிருக்கும். போட்டோ எடுத்து நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு ஒரு காளையின் மகளுக்கே அதே காளையின் ஊசி போய்விடக் கூடாது.

நாட்டு மாட்டுக்குப் பருவ அறிகுறி மெலிதாகத்தான் தெரியும், சில மாடுகள் கத்தவே கத்தாது. பின்புறம் கண்ணாடி போல வழும்பு ஒழுகுகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. சரியான குச்சி கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள், 21 நாளில் மறுபடி வரும். 'இருப்பதைப் போட்டுவிடலாம் சார்' என்பார்கள். வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் நல்ல பொலிகாளை (பசுவோடு சேர்க்க வளர்க்கும் காளை) இருந்தால் ஊசியைவிட அதுதான் மேல். பருவத்தைக் காளை நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும்.

4. கறவை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்துவிட வேண்டும். அப்புறம் தினமும் கன்றை ஊட்டவிட்ட பிறகே கறக்க வேண்டும். கன்று வாய் வைக்காமல் நாட்டுப் பசு பொதுவாகச் சுரப்பு விடாது. பால் இறங்க ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் இரண்டு காம்பு கறக்கிறேன், இரண்டு கன்றுக்கு. கட்டுவதற்குப் பருத்திக் கயிறு போதும். நைலான் கயிறு கழுத்தை அறுக்கும்.

கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுங்கள்.

5. காளைக்கன்று

பால் தராது என்று விற்றுவிடாதீர்கள். 2021-இல், குச்சியைப் பார்த்துப் போட்ட ஊசியில் பிறந்தது காளைக்கன்று. காயடிக்காமல் வைத்திருக்கிறேன், இப்போது பொலிகாளை. தாய்க்கு அவனைச் சேர்க்க முடியாது, அவளுக்கு இன்னமும் ஊசிதான். சுற்று ஊர்களில் உம்பளச்சேரிப் பசு வைத்திருப்பவர்கள் ஓட்டிவந்தால் காசு வாங்குவதில்லை. போன மாதம் இரண்டு பசுக்கள் வந்தன.