கிரகம் பெல்லுட நான்முகிப் பட்டத்த மட்டக்களப்புக் கல்லடியில ஏத்துவம் வாங்க

டெலிபோன் எண்டதும் அலெக்சாண்டர் கிரகம் பெல்லுட பேர் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா அந்த மனுசன் வயசு போன காலத்தில வருசக்கணக்கா பட்டத்துக்குப் பின்னால திரிஞ்ச கதைய நம்மட பிள்ளைகளுக்கு யாரும் சொல்றல்ல. கனடாவில நோவா ஸ்கோஷியாவில படெக் எண்ட ஊருக்குக் கிட்ட அவருக்கு பெரிய வளவு ஒண்டு இருந்திச்சு, அங்க ஆள் வச்சு சிவப்புப் பட்டுத் துணியில சின்னச் சின்ன நான்முகிக் கூடு (நாலு முகமும் முக்கோணமா இரிக்கிற உருவம்) ஆயிரக்கணக்கில செஞ்சு அதுகள ஒண்டோட ஒண்டு பூட்டி பட்டம் கட்டினார். 1907 டிசம்பர் 6ம் திகதி 3,393 கூடு சேத்துக் கட்டின 'சிக்னெட்' எண்ட பட்டத்துக்குள்ள தோமஸ் செல்ஃப்ரிட்ஜ் எண்ட அமெரிக்க ஆமி லெப்டினன்ட படுக்க வச்சு, பிராடோர் ஏரியில கப்பல்ல கட்டி இழுத்து மேல ஏத்தினாங்க. 168 அடி உயரம், ஏழு நிமிசம். அதிர போட்டோவப் பாத்தீங்க எண்டா பெரிய தேன்கூடு ஒண்ட நிமித்தி வச்ச மாதிரி இரிக்கும், பறக்கிற சாமான் எண்டு நம்பவே ஏலா, ஆனா ஆளையும் தூக்கிக்கொண்டு பறந்திச்சு.

அதிர சின்ன வடிவம், நாலு கூடு வச்ச பட்டம், வீட்டிலயே செய்யலாம். ஒரு பின்னேரம் போதும். பிள்ளைகளோட இருந்து செஞ்சா இன்னும் நல்லம், ஏனெண்டா கணிதப் புத்தகத்தில படமா மட்டும் பாத்த நான்முகி கையில வந்து நிக்கும்.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். ஒரே நீளமான ஸ்ட்ரோ 24, தைக்கிற நூல் கொஞ்சம் தடிப்பா, ரிசு பேப்பர், கம், கத்தரிக்கோல். ஸ்ட்ரோ 20 சென்டிமீட்டர் அளவில இருந்தா வசதி (பெல்லுட கூடு 25 சென்டிமீட்டர்). இப்ப கடையில கிடைக்கிறது கூட பேப்பர் ஸ்ட்ரோதான், அது கடக்காத்துக்கு ஊறி வளையும், அதால பாரம் கூட வாற ரெண்டு ஸ்ட்ரோக்குள்ள மட்டும் தென்னோலை ஈர்க்கு ஒண்ட விட்டுக்கொள்ளுங்க, எந்த இடம் எண்டு கீழ சொல்றன். எல்லாத்துக்கும் விட்டா பாரம் கூடிப்போகும். முக்கியமானது நீளம், ஒண்டு அரைச் சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் கூடு கோணும், பிறகு நாலையும் சேக்கக்குள்ள ஒண்டும் பொருந்தாது.

ஒரு கூட்டுக்கு ஆறு ஸ்ட்ரோ. முதல்ல மூண்டுக்குள்ளால நூலக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டா முக்கோணம் வரும். அதே நூல்ல இன்னும் ரெண்டு ஸ்ட்ரோவக் கோத்து அந்த முக்கோணத்திர அடுத்த மூலையில கட்டுங்க, இப்ப ரெண்டு முக்கோணம் ஒரு ஸ்ட்ரோவப் பங்கு போட்டுக்கொண்டு தட்டையா மேசையில கிடக்கும். நடுவில கிடக்கிற அந்தப் பொது ஸ்ட்ரோதான் முதுகெலும்பு, அத நல்லா மனசில வச்சுக்கொள்ளுங்க. தட்டையா கிடக்கக்குள்ளயே அந்த ரெண்டு முக்கோணத்துக்கும் சேத்து ஒரே துண்டா ரிசு பேப்பர வெட்டுங்க, சுத்திவர ஒண்டரைச் சென்டிமீட்டர் கூட விட்டு, மூலைகளச் சரிச்சு வெட்டி, விளிம்ப ஸ்ட்ரோவுக்கு மேலால மடிச்சு ஒட்டுங்க. முதுகெலும்பிலயும் கொஞ்சம் கம் தடவுங்க. காஞ்சாப் பிறகு ரெண்டு பக்கத்தையும் மேல தூக்கி, தூரத்தில இரிக்கிற ரெண்டு மூலைக்கும் இடையில ஆறாவது ஸ்ட்ரோவக் கட்டினா கூடு முடிஞ்சுது. ரெண்டு முகத்தில பேப்பர், ரெண்டு முகம் வெறுமை. பேப்பர் இழுபட்டு நிக்கோணும், தொங்கினா காத்தில படபடத்துக் கிழியும்.

இப்பிடி நாலு. சேக்கக்குள்ள மூண்ட கீழ முக்கோணமா வச்சு நாலாவத மேல வைக்கிறது, மூலைக்கு மூலை நூலால கட்டுறது, அவ்வளவுதான், நடுவில பெரிய வெறும் இடம் ஒண்டு வரும், அது அப்பிடித்தான் இரிக்கோணும். ஆனா கட்ட முதல் நாலு கூட்டுட முதுகெலும்பும் ஒரே திசையில இரிக்கா, பேப்பர் பக்கம் எல்லாம் ஒரே பக்கம் பாக்குதா எண்டு பாருங்க, இதில ஒண்டு மாறினாலும் பட்டம் சுத்திக்கொண்டு விழும். சரியா வச்சீங்க எண்டா ரெண்டு கூட்டுட முதுகெலும்பு ஒரே கோட்டில வந்து நீளமான ஒரு விளிம்பா நிக்கும். ஈர்க்கு விடச் சொன்னது இந்த ரெண்டு ஸ்ட்ரோவுக்கும்தான்.

முச்சைய (பட்ட நூலக் கொழுவுற கட்டு) அந்த நீள விளிம்பிலதான் கட்டுறது. மேல் நுனியில ஒரு கட்டு, ரெண்டு கூடும் சந்திக்கிற நடு மூட்டில ஒரு கட்டு, ரெண்டுக்கும் இடையில தொய்வான நூல், அதில மேல் கட்டுக்குக் கிட்டவா பட்ட நூலக் கொழுவுங்க. ஏறாம தலையாட்டிக்கொண்டு நிண்டா கொழுவின இடத்தக் கொஞ்சம் மாத்திப் பாருங்க, சுண்டுவிரல் அகலம் நகத்தினாலும் வித்தியாசம் தெரியும். வால் தேவையே இல்ல.

காத்து நல்லாவே வேணும், மெல்லிய காத்துக்கு இது ஏறாது. கச்சான் காலத்தில (மேக்கால காத்து வீசுற காலம்) கல்லடி, நாவலடிப் பக்கம் காலையில காத்து கரையில இருந்து கடலுக்குப் போகும், நூல் அறுந்தா பட்டம் கடலோட போயிரும். பின்னேரம் கடக்காத்து திரும்பினாப் பிறகு ஏத்துங்க, அலைக்குக் கிட்ட நிண்டு விட்டா பட்டம் கரைப் பக்கமா ஏறும், ஆனா பட்டம் போற கரைப் பக்கத்தில கரண்ட் வயரும் மரமும் இல்லாத இடமாப் பாருங்க. விமான நிலையம் இரிக்கிற பக்கம் போகவே வேணாம். தங்கூசி (மீன் பிடிக்கிற நைலோன்) நூலும் வேணாம், கையையும் வெட்டும், றோட்டில போற மோட்டர்சைக்கிள்காரர் கழுத்தையும் வெட்டும், அறுந்து விழுந்தா பறவைகளும் மாட்டும்.

பட்டம் மேல போய் நிண்டாப் பிறகு நூலக் கையில பிடிச்சுப் பாருங்க, பெல் ஏன் இதில அவ்வளவு நம்பிக்கை வச்சார் எண்டு விளங்கும். ஆட்டமே இல்லாம ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். அவர்ட கணக்கு இன்னும் அழகு: சாதாரணப் பட்டம் ஒண்ட எல்லாப் பக்கத்தாலயும் ரெண்டு மடங்காக்கினா காத்துப் படுற பரப்பு நாலு மடங்கு, பாரம் எட்டு மடங்கு, அதால பெரிசாக்க ஆக்க தூக்க ஏலாமப் போகும். ஆனா ஒரே அளவுக் கூட நாலாக்கினா பரப்பும் நாலு மடங்கு, பாரமும் நாலு மடங்குதான். மனுசன் பறக்கிற மெசின் சரிவராது எண்டு சைமன் நியூகோம் எண்ட பெரிய வானியலாளர் இந்தப் பாரக் கணக்கத்தான் காட்டினவர், பெல் அதுக்கு வாயால இல்ல பட்டத்தால பதில் சொன்னார்.

அதே நூல்லயே, இந்தக் கூட்ட வச்சு பறக்கிற மெசின் செய்யப் போய் அவர் தோத்த காரணமும் தெரியும். இழுவை கடுமையா இரிக்கும், ஆனா பட்டம் அந்தளவுக்கு உயரம் போகாது. நான்முகியில ரெண்டு முகத்துக்கும் இடையில கோணம் 70 பாகை சொச்சம், அவ்வளவு செங்குத்தா சிறகு நிண்டா பேப்பர் பரப்பில நூத்துக்கு 58 அளவுதான் தூக்க உதவும், மிச்சம் பக்கத்துக்குப் பிடிச்சு நிப்பாட்டத்தான். அந்த நிதானத்துக்குக் குடுக்கிற விலை இது. ஆயிரக்கணக்கான கம்பும் விளிம்பும் காத்த மறிச்சா அந்தக் காலத்து எஞ்சின் என்ன செய்யும்? 1909ல சிக்னெட் 2க்கு எஞ்சின் பூட்டினாங்க, எழும்பவே இல்ல. 1912ல கூட்ட 360 ஆக் குறைச்சு 70 குதிரவலு எஞ்சின் பூட்டின சிக்னெட் 3ம் பறந்தது எண்டு சொல்ற அளவுக்கு இல்ல. ஆனா அவரோட சேந்து வேல செஞ்ச பொடியன்மார் 1909 பெப்ரவரி 23ல அதே படெக்கில சில்வர் டார்ட் எண்ட சாதாரண ரெட்டைச் சிறகு விமானத்த பறக்க விட்டாங்க, பெல்லும் அதுக்கு முழு மனசோட பக்கத்தில நிண்டவர், அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அவர நல்லாப் பிடிக்கும்.

நாலு கூடு நல்லா நிண்டா அடுத்தது 16. புதுசா ஒண்டும் படிக்கத் தேவல்ல, நாலு கூட்டுப் பட்டம் நாலு செஞ்சு அதையே கூடா நினைச்சு அதே மாதிரி அடுக்குங்க. 96 ஸ்ட்ரோ வேணும், முதுகெலும்பு விளிம்பில நாலு ஸ்ட்ரோ வரும், அந்த நாலுக்குள்ளாலயும் ஒரே நீள மூங்கில் சிலாகை ஒண்ட விடுங்க, ஈர்க்கு காணாது. நூலும் தடிப்பா வேணும், பிடிக்கப் பெரிய ஆள் ஒராள் கட்டாயம், சின்னப் பிள்ளைட கையில மட்டும் குடுத்திராதீங்க.