புத்தக அலுமாரிக்கு மரம் எடுக்கும்போது விடக்கூடாத பிழைகள்

மட்டக்களப்பில் புது வீடு கட்டுபவர்கள் இப்போது புத்தக அலுமாரிக்கும் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். சந்தோஷம். ஆனால் இளம் ஓடாவிகள் மரம் எடுப்பதைப் பார்த்தால், நாங்கள் தொழில் பழகின காலத்துப் பிழைகளே திரும்ப வருகின்றன. அளவு பிசகுவதும் ஆணி வளைவதும் கை பழகச் சரியாகிவிடும். மரத்தில் விட்ட பிழை சரியாகாது.

பச்சைப் பலகையில் வேலை தொடங்குவது

இதுதான் எனக்கு இன்றும் கோபத்தைக் கிளப்புவது. கல்லடியில் ஓர் ஆசிரியர் வீடு. மாரி மழைக்குள் அரிந்த தேக்கைத் தை மாதமே அலுமாரியாக்கிக் கொடுத்துவிட்டார்கள். சீவும்போது சீவல் கையில் ஈரமாக ஒட்டியிருக்கும், யாரும் கவனிக்கவில்லை. வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் தட்டுகள் கிண்ணம் போலக் குழிந்தன, கதவு பூட்டவில்லை, நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிய பின்பலகை நடுவே வெடித்தது. அவ்வளவும் நல்ல தேக்கு!

மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் பலகை சுருங்கத் தொடங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் கோணுகிறது.

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் உலரவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. நிழலில், பலகைகளுக்கு இடையில் குச்சிகள் வைத்து, குச்சிக்கு மேல் குச்சி நேராக வரும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். நுனிகளுக்குப் பெயின்ற் பூசினால் வெடிப்புக் குறையும். மரக்காலையில் "காய்ஞ்ச பலகதான் தம்பி" என்பார்கள். சரி, கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு துண்டை வெட்டி, கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் உளியைத் தொடாதீர்கள்.

காய்ந்த பலகையும் மாரியில் கொஞ்சம் ஊதும். பின்பலகை அசைய இடம் விடுங்கள்.

வெள்ளையையும் தேக்கென்று வாங்குவது

இளந்தேக்கில் வெளிறிய வெளிப்பகுதி அதிகம். கறையானும் வண்டும் அதை விடாது. உள்ளே இருக்கும் கடினமான வைரப் பகுதிக்கு மட்டும் காசு கொடுங்கள்.

முழுக்க முதிரை

அழகான, உறுதியான மரம். ஆனால் தேக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். மேல்மாடிக்கு ஏற்றும் அலுமாரிக்கு வேண்டாம்.

நீளத் தட்டு

மூன்று அடியைத் தாண்டினால் நடுவில் தாங்கல். துகள் பலகை என்றால் இரண்டு அடியோடு நிறுத்துங்கள்.

வளவுப் பலா

அலுமாரிக்கு அருமையான மரம். அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம்; முதலில் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.