வாலிபர் கோடை முகாம்: காசிமேட்டில் பணம் திரட்டும் வழி

மே மாதம் சபையின் வாலிபர் முகாம் என்றால், காசு சேர்ப்பதைப் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேடு, ராயபுரம் பக்கம் இது கட்டாயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் நின்றுவிடும். அப்போது போய்க் கட்டணம் கேட்டால், "நான் வரலக்கா" என்று பிள்ளைகள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்கள்தான் முதலில் வர வேண்டியவர்கள்.

அதனால் கட்டணத்தை வாரம் 20 ரூபாயாகப் பிரித்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அட்டையில் குறித்து வாங்குகிறேன். மீதிக்குப் பெண்கள் ஐக்கியத்தின் உணவுக் கடை: வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு. யார் முழுசாகக் கட்டினார், யாருக்குச் சபை கட்டியது என்பது பொருளாளரையும் என்னையும் தாண்டிப் போகவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பெரியவர்களிடம் தொகையாகக் கேட்காதீர்கள். "ஒரு நாள் காலைச் சாப்பாடு உங்க பொறுப்பு அண்ணே" என்றால் மனசார ஏற்றுக்கொள்கிறார்கள். பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். துபாயில் இருக்கும் நம்ம ஊர் அண்ணன் இந்தியக் குடிமகனாக இருந்தால், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

அப்புறம், முகாமில் மதிய வெயிலில் விளையாட்டு வேண்டாம். பாட்டும் வேதபாடமும் அப்போது வையுங்கள், மோர் கொடுங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் இரவு முழுக்க இரண்டு அக்காமார் இருக்க வேண்டும்.