கிராஃப்ட் பீர் விருந்தில் செய்யக்கூடாதவை

போன மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு பழைய கடைவீட்டு மாடியில் கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகள் காய்ச்சும் பீர்) விருந்து. ஐந்து சுற்றுச் சாப்பாடு, சுற்றுக்கு ஒரு பீர். எனக்கு எதிரே உட்கார்ந்த மூன்று தம்பிகளுக்கும் இதுதான் முதல் விருந்து. என் முதல் விருந்தில் நான் செய்த தவறுகளை வரிசை மாறாமல் செய்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், அளவோடு குடியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

காரத்துக்குக் கசப்பைக் கேட்பது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. இரண்டாவது சுற்றில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்தது. எண்ணெய் பிரிந்து, மிளகாயும் மிளகும் கறியோடு ஒட்டிக் கருத்து நின்றது. அதற்கென்று வைத்திருந்தது கோதுமை பீர். ஒரு தம்பி அதை ஒதுக்கிவிட்டு, "அண்ணே, நம்ம காரத்துக்கு இது பத்தாது, ஸ்ட்ராங்கா வேணும்" என்று நாலாவது சுற்றுக்கு வைத்திருந்த ஐபிஏ என்ற கசப்பு பீரைக் கேட்டு வாங்கினார். இரண்டு மடக்கில் காது வரை சிவந்துவிட்டது. எரிச்சலை அணைக்க மேலும் குடித்தார், மேலும் எரிந்தது. அடுத்து வந்த மீன் அவருக்கு ருசிக்கவே இல்லை.

ஐபிஏவில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ அதிகம், அதனால் கசப்பும் அதிகம். கசப்பு காரத்தைத் தூக்கிக் காட்டும். பீரில் இருக்கும் கேஸ் நாக்கைக் குத்தும், ஆல்கஹாலும் தன் பங்குக்குச் சுடும். மிளகாய்க்குக் காரம் தருவது கேப்சைசின். அது தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலில் கரையும்தான், ஆனால் பீரில் இருக்கும் ஐந்தாறு சதவீதம் அதற்குப் போதாது.

என் முதல் விருந்தில் நான் இதையே நண்டு மசாலாவோடு செய்தேன். 120 ரிங்கிட் கட்டிப் போய், மூன்று சுற்றுச் சாப்பாட்டை மரத்துப்போன நாக்கோடு விழுங்கினேன். பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த மசாலாவை ஓர் அக்கா காலையிலேயே அம்மியில் அரைத்து வைத்திருந்தார். "எப்படி இருந்துச்சு தம்பி?" என்று வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

குடிக்கு ஏற்ற கறியைச் சேர்ப்பது நம் ஆட்களுக்குப் புதிதும் அல்ல. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இறக்கியவுடன் கள் இனிக்கும், நேரம் ஆக ஆகப் புளிக்கும். "இனிப்புக் கள்ளுக்குக் காரக்கறி, புளிச்ச கள்ளுக்கு வறுத்த நெத்திலி" என்பார். அதே கணக்குதான் இங்கேயும். காரத்துக்கு மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு தெரியும் பிரவுன் ஏல் என்ற பழுப்பு பீர், இல்லாவிட்டால் கோதுமை பீர். ஜெர்மன் வகைக் கோதுமை பீரில் ஈஸ்ட்டிலிருந்தே வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும். கிராம்பு போட்ட கறிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஐபிஏவைப் பொரித்த பண்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கசப்பு வெட்டிவிடும்.

ஐஸ்

போடாதீர்கள்.

சென்ட்

விருந்தன்று ஒருநாள் மட்டும் பூச வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பீரை மோந்து பார்க்க வேண்டும்.

ஸ்டவுட்டைச் சில்லென்று கேட்பது

ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வெறும் கசப்புதான். கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் பிடித்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள். 10, 12 டிகிரிக்கு வந்ததும் முதலில் காப்பி வாசம், அப்புறம் சாக்லேட் வாசம் மேலே வரும். அன்று கடைசிச் சுற்றில் பிசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) கொடுத்தார்கள். ஆறிய ஓரத்தைக் கடித்து, ஒரு வாய் ஸ்டவுட் குடித்தபோது வாழைப்பழத்தின் கருகிய இனிப்பு தனியாகத் தெரிந்தது.

"சின்ன கிளாஸ்தானே" என்று வண்டியை எடுப்பது

150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் என்றால் முக்கால் லிட்டர். அதில் ஒன்றிரண்டு 8 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். 2020இல் மலேசியாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிரான சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்றிருந்த வரம்பு 50 ஆகிவிட்டது. முதல் தடவை பிடிபட்டாலே அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்கும், சிறையும் உண்டு. தோட்டத்துச் சாலையில் இரவில் விளக்கும் இருக்காது. எங்கள் கூட்டத்தில் முறை வைத்து ஒருவர் குடிக்காமல் வருவார். சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடுவார், அவர் பங்குப் பணத்தை மற்றவர்கள் கட்டுவோம். அடுத்த விருந்துக்கு என் முறை.