டிபன் கடையில் விலைவாசி ஏறும்போது கணக்கைத் திருப்பிப் போடுவது எப்படி?

தேங்காய் 35 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்குப் போனால் ஒரு பிளேட் இட்லியின் அடக்கம் எவ்வளவு கூடும்? 'பக்கத்துக் கடையில் ஏற்றிவிட்டார்கள், நாமும் ஏற்றுவோம்' என்று விலை வைக்கும் கடைகளில் இதற்குப் பதில் இருக்காது. எங்கள் கணக்கில் பதில் சரியாக 2 ரூபாய். அது எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படிச் சமாளிப்பது என்பதைப் புதிதாகக் கடை போட்டவர்களும் செய்து பார்க்கும்படி கீழே கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன டிபன் கடை. மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவ ஒருவர், கல்லாவில் முதலாளி. மாதம் 26 நாள் திறப்பு. விலைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் மளிகை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகளையும் உங்கள் அடுப்படியில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், மாஸ்டருக்கு மாஸ்டர் கைப்பக்குவம் மாறும்.

வேண்டியவை: ஒரு நோட்டு, 10 கிலோ வரை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு, ஒரு லிட்டர் அளவுக் குவளை.

படி 1: மாவை நிறுங்கள்

இட்லி அரிசி 4 கிலோ, முழு உளுந்து 1 கிலோ. ஊறவைத்து அரைத்து உப்புப் போட்டால் சுமார் 12 கிலோ மாவு வரும் (தராசு தாங்க இரண்டு தடவையாக நிறுங்கள்). ஒரு குழிக்கு 55 கிராம் என்றால் 218 இட்லி வர வேண்டும். ஆனால் அண்டாவில் ஒட்டுவது, பொங்கி வழிவது, கடைசித் தட்டில் உடைவது எல்லாம் போக 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 218-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் மாசக்கடைசியில் கை கடிக்கிறது.

அரிசி கிலோ 45 வீதம் 180, உளுந்து 130, உப்பு வெந்தயம் 5. மொத்தம் 315 ரூபாய். ஒரு இட்லிக்கு 1 ரூபாய் 58 காசு, ஒரு பிளேட்டுக்கு, அதாவது இரண்டு இட்லிக்கு 3.15.

பழைய உளுந்து வாங்கினால் மாவு காணாது. புது உளுந்தில் 12 கிலோ வந்த இடத்தில் 11 கிலோகூடத் தேறாமல் போகலாம். கிலோவுக்கு 5 ரூபாய் குறைவு என்று வாங்கும் உளுந்தின் லாபம் இப்படித்தான் கரைகிறது. மூட்டை மாறும்போதெல்லாம் முதல் நாள் மாவை நிறுங்கள்.

படி 2: சும்மா ஊற்றுவதற்கும் விலை போடுங்கள்

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். 100 பிளேட்டுக்கு, பிளேட்டுக்கு 150 மில்லி வீதம், 15 லிட்டர் டிபன் சாம்பார்:

துவரம்பருப்பு 1¼ கிலோ – 162
வெங்காயம் 2 கிலோ – 70
தக்காளி 1½ கிலோ – 45
மற்ற காய் – 60
புளி 200 கிராம் – 30
சாம்பார் பொடி 250 கிராம் – 75
எண்ணெய், தாளிப்பு, பெருங்காயம், மல்லித்தழை – 60

மொத்தம் 502. பிளேட்டுக்கு 5 ரூபாய்.

தேங்காய்ச் சட்னி 100 பிளேட்டுக்கு: தேங்காய் 8, தலா 35 வீதம் 280, பொட்டுக்கடலை அரைக் கிலோ 45, பச்சைமிளகாய், இஞ்சி, தாளிப்பு 20. மொத்தம் 345. பிளேட்டுக்கு 3.45.

இப்போது கூட்டுங்கள். இட்லி 3.15, சாம்பார் 5, சட்னி 3.45. ஆக 11 ரூபாய் 60 காசு. காசு வாங்கும் இட்லி மூன்று ரூபாய்ச் சொச்சம். சும்மா ஊற்றும் சாம்பாரும் சட்னியும் எட்டரை ரூபாய். விலைவாசி ஏறினால் நிறைய கடைகளில் முதலில் இட்லியைச் சின்னதாக்குகிறார்கள். 55 கிராமை 45 ஆக்கினால் பிளேட்டுக்கு மிச்சமாவது 57 காசு. தட்டைப் பார்த்த உடனே வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். 57 காசுக்காக அந்தப் பெயர் வேண்டாம்.

அதற்குப் பதிலாகச் சாம்பார் வாளிக்குள் இருக்கும் கரண்டியைப் பாருங்கள். 150 மில்லி கரண்டி தொலைந்து, யாரோ 200 மில்லி கரண்டியைப் போட்டிருப்பார்கள். 15 லிட்டர் 75 பிளேட்டோடு தீர்ந்துபோகும்; சாம்பார் செலவு 5 ரூபாயிலிருந்து 6.69 ஆகும். ஒரு கரண்டி மாறியதில் பிளேட்டுக்கு 1.69 ரூபாய். கேட்பவர்களுக்கு இரண்டாவது முறை தாராளமாக ஊற்றலாம், கேட்காமலேயே தட்டை நிரப்ப வேண்டாம். கடை சாத்தும்போது மிஞ்சிய சாம்பாரையும் அளந்து எழுதுங்கள். லிட்டருக்கு 33 ரூபாய். தினம் 3 லிட்டர் சாக்கடைக்குப் போனால் 100 ரூபாய்.

படி 3: கடை திறந்தாலே ஆகும் செலவு

வாடகை மாதம் 12,000 – நாளுக்கு 461
கரண்ட் மாதம் 4,000 – 154
நாள் சம்பளம்: மாஸ்டர் 1,000, சப்ளையர் 600, பாத்திரம் 400 – 2,000
கேஸ் – 760
இலை, தண்ணீர் கேன், சோப்பு, சில்லறைச் செலவு – 225
முதலாளி சம்பளம் – 800

மொத்தம் நாளுக்கு 4,400. கடைசி வரியை நிறைய பேர் எழுதமாட்டார்கள். 'கல்லாவில் மிஞ்சுவதுதானே என் சம்பளம்' என்பார்கள். அப்படி வைத்தால், விலைவாசி ஏறும்போது முதலில் குறைவது உங்கள் வீட்டுச் செலவுக்கான பணம். கடை நட்டத்தில் ஓடுவது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

படி 4: எத்தனை பிளேட் போனால் கை கடிக்காது?

பிளேட் 25 ரூபாய்க்கு விற்றால், 11.60 போக மிச்சம் 13.40. 4,400-ஐ 13.40-ஆல் வகுத்தால் 329 பிளேட். தோசை, பொங்கல், வடை ஒவ்வொன்றுக்கும் இதேபோல மிச்சம் கண்டுபிடித்து எழுதுங்கள். எல்லா மிச்சமும் சேர்ந்து நாளுக்கு 4,400-ஐத் தாண்டினால்தான் லாபம்.

இனி தேங்காயை 60 ஆக்குங்கள். சட்னி 545 ரூபாய், பிளேட்டுக்கு 5.45. மிச்சம் 11.40. இப்போது 386 பிளேட் போக வேண்டும். தேங்காய் ஒன்று ஏறியதற்காக நாளுக்கு 57 பிளேட் கூடுதல்! இருக்கிற பெஞ்சில் அவ்வளவு பேரை உட்காரவைக்க முடியாது என்றால் மற்ற வழிகளுக்குப் போகத்தான் வேண்டும்.

வழி ஒன்று, சட்னியை மாற்றுவது. தேங்காய் 5, பொட்டுக்கடலை 900 கிராம் என்றால் செலவு 401, பிளேட்டுக்கு 4 ரூபாய். தேவை 343 பிளேட். கடலை கூடினால் சட்னி நேரம் ஆக ஆக இறுகும். மொத்தமாக அரைக்காமல் இரண்டு ஈடாக அரைத்தால் தண்ணீர் விட்டு நீர்க்கவைக்கும் வேலை இருக்காது. இதற்கு மேல் தேங்காயைக் குறைத்தால் மாவு வாடை வரும்.

வழி இரண்டு, தேங்காய்ச் சட்னி முதல் முறை மட்டும், இரண்டாம் முறைக்குக் காரச்சட்னி. தக்காளி விலை படுத்திருக்கும் மாதங்களில் மட்டும் இது சரிப்படும்.

வழி மூன்று, விலையை 28 ஆக்குவது. பழைய சட்னியோடே மிச்சம் 14.40, தேவை 306 பிளேட். 329-லிருந்து 23 பிளேட் குறைந்தாலும் நட்டமில்லை என்று அர்த்தம். விலை ஏற்றப் பயப்படுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முன்பெல்லாம் சில்லறைக்குப் பயந்து 25-ஐ 30 ஆக்க வேண்டியிருந்தது. யூபிஐ வந்தபின் 27, 28 என்று வைப்பதில் சிரமமில்லை.

படி 5: எண்ணெய்

வெளிநாட்டு இறக்குமதி வரி நம் தோசைக்கல்லுக்கு வருவது எண்ணெய் வழியாக. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சாப் பாமாயில், சூரியகாந்தி, சோயா எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. 2025 மே கடைசியில் 16.5 சதவீதமாக இறங்கியது. ஏறும்போது மொத்தக் கடையில் உடனே ஏறும். இறங்கும்போது பழைய ஸ்டாக் தீரும்வரை இழுக்கும். அதனால் வரி குறைந்த செய்தி வந்தால் ஒரு டின்னோடு நிறுத்திக் காத்திருங்கள்.

டின் வாங்கும்போது 15 கிலோவா 15 லிட்டரா என்று பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. இரண்டையும் கிலோ விலைக்கு மாற்றிப் பார்க்காமல் மலிவு என்று முடிவு கட்டாதீர்கள்.

தோசைக்கு 10 மில்லி போதும். கரண்டியால் ஊற்றினால் 15-க்குப் போகும். 150 தோசைக்கு 750 மில்லி வீண். லிட்டர் 140 என்றால் நாளுக்கு 105, மாதம் 2,730. மூடியில் துளை போட்ட பாட்டில் ஒன்று வாங்கி மாஸ்டர் கையில் கொடுங்கள். வடை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மொத்த துருவச் சேர்மங்கள் (காயக் காய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். கறுத்து, நுரை அடங்காமல் புகைந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 6: கேஸ்

19 கிலோ வணிக சிலிண்டர் விலையை எண்ணெய் நிறுவனங்கள் பொதுவாக மாதத்தின் 1-ஆம் தேதி மாற்றும். அன்று காலை நோட்டில் புது விலையை எழுதுவது முதல் வேலை. சிலிண்டர் இறங்கும்போது பெரிய தராசு ஒன்றில் நிறுத்துப் பாருங்கள். மேலே பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்தால் 19 கிலோ இருக்க வேண்டும். மாட்டிய தேதியைச் சாக்பீஸால் சிலிண்டரிலேயே எழுதுங்கள். 1,900 ரூபாய் சிலிண்டர் இரண்டரை நாள் வந்தால் நாளுக்கு 760. திடீரென்று இரண்டு நாளில் தீர்ந்தால் கசிவா, பர்னர் அடைப்பா என்று பாருங்கள். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஒரே சிலிண்டரில் பெரிய அடுப்புகள் எல்லாம் எரிந்தால் வெளிப்புறம் பனி கட்டும், அடியில் கேஸ் மிஞ்சியிருக்கும்போதே அழுத்தம் விழும். இரண்டு சிலிண்டரை இணைத்தால் அது குறையும். பருப்பை அரை மணி ஊறவைத்துக் குக்கரில் போடுவது, இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி ஒழுகாமல் பார்ப்பது இரண்டும் காசில்லாத மிச்சம். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் மாட்டுவது சட்டப்படி குற்றம், பறிமுதல் ஆகும்.

படி 7: போர்டை மாற்றும் முறை

எல்லா விலையையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். டீ, இட்லி விலை ஊருக்கே மனப்பாடம். பொடி தோசை, பொங்கல், நெய் ரோஸ்ட் விலை அப்படியில்லை. முதல் வாரம் அவற்றில் ஏற்றி, இட்லியைக் கடைசியாகத் தொடுங்கள். பார்சலுக்கு இலை, காகிதம், சாம்பார் டப்பா செலவைத் தனியாக எழுதிப் பாருங்கள். 3 ரூபாய் வந்தால் 3 ரூபாயைப் போர்டிலேயே போடுங்கள். சொல்லாமல் பில்லில் கூட்டினால்தான் சண்டை வரும்.

படி 8: வரி வரம்பு

விலை ஏறினால் விற்பனைத் தொகையும் ஏறும். லாபம் ஏறாவிட்டாலும் வரி வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். நம் எடுத்துக்காட்டுக் கடையிலேயே 329 பிளேட், 25 ரூபாய், 26 நாள், 12 மாதம் என்றால் 25 லட்சத்து 66 ஆயிரம். உணவகத்துக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். யூபிஐ வரவை வைத்து 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும்.

இரண்டு வழி உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) விற்பனை மேல் 5 சதவீதம் கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை சேரலாம். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது, உங்கள் பங்கிலிருந்துதான். 25 ரூபாய் பிளேட்டுக்கு 1.25 போய் மிச்சம் 12.15, தேவை 363 பிளேட். சாதாரணப் பதிவில் 5 சதவீதத்தைப் பில்லில் சேர்த்து வாங்கலாம். ஆனால் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, கேஸுக்குக் கட்டிய 18 சதவீதம் உட்பட, அதிலிருந்து கழிக்க முடியாது. எது தோதென்று உங்கள் எண்களோடு ஆடிட்டரிடம் போங்கள். 20 லட்சத்தைத் தொடுவதற்கு முன்பே போங்கள்.

படி 9: சரக்கும் கடனும்

விலை ஏறப்போகிறது என்று பயந்து மூட்டை மூட்டையாக அடுக்க வேண்டாம். அரிசி, உளுந்து 15 நாளுக்கு, வெங்காயம் ஒரு வாரத்துக்கு, தக்காளி அன்றன்றைக்கு. அதற்கு மேல் போனால் வண்டும் அழுகலும் தின்றுவிடும், கைமுதலும் முடங்கும்.

முடங்கிய கைமுதலுக்குத் தண்டல் வாங்கினால்? 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், 1,500 ரூபாய் வட்டி ஆண்டுக் கணக்கில் 100 சதவீதத்தைத் தாண்டும். நம் கடையில் அந்த 100 ரூபாய் என்பது தினம் ஏழரை பிளேட் இட்லியின் மிச்சம். வங்கியில் முத்ரா சிசு கடன் 50,000 வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். தள்ளுவண்டிக் கடைக்காரர்களுக்கு மத்திய அரசின் பிஎம் ஸ்வநிதி கடன் திட்டத்தில் முதல் கடன் 15,000; ஒழுங்காக அடைத்தால் 25,000, பிறகு 50,000.

கடைசியாக ஒன்று. திங்கள்கிழமைதோறும் அரை மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். அரிசி, உளுந்து, துவரை, எண்ணெய், தேங்காய், வெங்காயம், தக்காளி, கேஸ் ஆகிய எட்டின் விலையை மட்டும் எழுதினால் போதும். ஏதாவது ஒன்று போன வாரத்தைவிட பத்தில் ஒரு பங்கு மாறியிருந்தால் அந்தப் பொருள் வரும் படிக்குத் திரும்புங்கள். தேங்காய் மறுபடி 40-க்கு இறங்கினால் போர்டு விலையைத் தொட வேண்டாம்; பொட்டுக்கடலையைக் குறைத்துப் பழைய சட்னியைக் கொண்டுவாருங்கள்.