அமுக்கரா வாங்கும் முன்

மன அழுத்தம் குறையவும் நல்ல உறக்கம் வரவும் அஸ்வகந்தா எனப்படும் அமுக்கராவை உட்கொள்ள எண்ணுபவர்கள், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கரா சூரணம் வெறும் வேர்ப்பொடி அன்று என்பதையும், அதில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் முதலியவற்றோடு சர்க்கரையும் சேர்வதையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள்கூட இதைக் கவனிக்காமல் விடக்கூடும். ஆய்வுகள் பலவற்றில் வேரின் செறிவுச் சாறே நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை, ஏறத்தாழ 8 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பதால், நான்கே நாளில் பலனை எதிர்பார்ப்பது வீண். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேர்வதுண்டு என்பதால், கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகவும்.